காரிலிருந்து மின்சைக்கிள் பேட்டரிக்கு சார்ஜ்: எந்தக் கருவி தேறும், எது தேறாது

காரில் போகும்போதே மின்சைக்கிள் பேட்டரிக்கு சார்ஜ் போட நினைப்பவர்கள் முதலில் தேடுவது பெரிய இன்வெர்ட்டரை, அதாவது காரின் 12 வோல்ட்டை வீட்டு மின்சாரம்போல் 230 வோல்ட் ஆக்கும் பெட்டியை. அட்டைப்பெட்டியில் ஆயிரம் வாட் என்று பார்த்து வாங்கி, காரின் 12 வோல்ட் லைட்டர் சாக்கெட்டில் செருகி, கொஞ்ச நேரத்தில் ஃபியூஸைப் போக்கடித்துக்கொள்கிறார்கள். இந்த வேலைக்கு முதலில் தேட வேண்டியது சின்ன சார்ஜர். வண்டி ஓடும் நேரம்தான் சார்ஜ் ஏறும் நேரம். நான்கைந்து மணி நேரப் பயணம் கையில் இருக்கும்போது வேகமான சார்ஜருக்கு அவசியமே இல்லை. சந்தையில் இதற்கென்று கிடைக்கும் கருவிகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். ஐந்தையும் ஒரே கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் கணக்கு. 36 வோல்ட் பேட்டரி என்பது பெயரளவில்தான். உள்ளே 10 செல்கள் தொடராக இருக்கின்றன, முழு சார்ஜில் 42 வோல்ட். 48 வோல்ட் என்றால் 13 செல், 54.6 வோல்ட். 52 வோல்ட் என்றால் 14 செல், 58.8 வோல்ட். சார்ஜரின் ஆம்பியரை இந்த முழு வோல்டேஜால் பெருக்கினால் பேட்டரிக்குள் போகும் அதிகபட்ச வாட் கிடைக்கும். சார்ஜரில் சுமார் 12 சதவீதமும் இன்வெர்ட்டரில் இன்னொரு 12 சதவீதமும் சூடாகப் போகும். இன்ஜின் ஓடும்போதும், சுமை ஏறிய பிறகு லைட்டர் சாக்கெட்டில் 13 வோல்ட் நின்றால் நல்லது.

இப்படிப் பார்த்தால் 36 வோல்ட் பேட்டரிக்கான 2 ஆம்பியர் சார்ஜர் காரிடம் கேட்பது ஏறக்குறைய 8.3 ஆம்பியர். 48 வோல்ட் பேட்டரிக்கு அதே 2 ஆம்பியர் சார்ஜர் என்றால் 10.8. 36 வோல்ட், 4 ஆம்பியர் என்றால் 16.7. 48 வோல்ட், 5 ஆம்பியர் சார்ஜர் 27 ஆம்பியர் வரை இழுக்கும். லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் வண்டிக்கு வண்டி 10, 15 அல்லது 20 ஆம்பியர். பல வண்டிகளில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சாக்கெட்டுகளுக்கும் ஒரே ஃபியூஸ்தான். அப்படியானால் முன் சாக்கெட்டில் செருகிய போன் சார்ஜரும் அதே கணக்கில் சேரும். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தையோ வண்டிக் கையேட்டையோ பார்த்துவிட்டு வாங்கப் போங்கள். ஃபியூஸ் போகிறதே என்று 10 இருந்த இடத்தில் 20 போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த 10 காப்பது உங்கள் இன்வெர்ட்டரை அல்ல, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் மெல்லிய வயரை.

ஃபியூஸ் தாங்குகிறது என்பதற்காக சாக்கெட்டும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. லைட்டர் பிளக்கின் நுனி ஸ்பிரிங்கில் நிற்கும் சின்னத் தொடுமுனை. 10 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடினால், தொடர்பு கொஞ்சம் தளர்ந்திருந்தாலே அந்த இடம் கொதிக்கும், பிளாஸ்டிக் இளகும். சார்ஜ் தொடங்கிய கால் மணி நேரத்தில் வண்டியில் கூட வருபவர் பிளக்கின் உடலைத் தொட்டுப் பார்க்கட்டும். வெதுவெதுப்பாக இருந்தால் சரி; விரலை வைத்திருக்க முடியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

சாக்கெட்டில் செருகும் 150 வாட் இன்வெர்ட்டர்

கப் ஹோல்டரில் உட்காரும் வடிவத்தில் வரும் இந்த வகை மலிவு, எங்கும் கிடைக்கும். 36 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜருக்கு இது போதும். அதற்கு மேல் இதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். 48 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் இதிலிருந்து 124 வாட் கேட்கும். காகிதத்தில் இடம் இருப்பதுபோல் தெரிந்தாலும் வெயில் நேரத்தில் சூடேறி அணைந்துவிடுவதுதான் வழக்கம். பெட்டியில் போட்டிருக்கும் 150 என்பது தொடர் திறனா, கண நேர உச்சமா என்று பார்க்க வேண்டும். "பீக் 300" என்று பெரிதாக எழுதிய பல கருவிகளின் தொடர் திறன் அதில் பாதிதான்.

இந்த வகையில் பெரும்பாலானவை மாடிஃபைடு சைன் வேவ். அதாவது வெளியே வரும் மின்சாரம் வளைவாக ஏறி இறங்காமல் படிக்கட்டுபோல் திடீரென்று எகிறி, நின்று, விழும். சின்ன சார்ஜர்களில் உள்ளே நுழைந்ததும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்கும் ஒரு ரெக்டிஃபையர், அடுத்து மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டர். அலை எகிறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கெப்பாசிட்டருக்குள் பெரிய மின்னோட்டத் துடிப்பு பாய்கிறது. சார்ஜர் வேலை செய்யும், பச்சை விளக்கும் எரியும். ஆனால் ரீங்காரம் கேட்கும், வீட்டில் இருப்பதைவிட அதிகம் சூடாகும், உள்ளே கெப்பாசிட்டரின் ஆயுள் தேயும். பவர் ஃபேக்டர் கரெக்ஷன் (மின்னோட்டத்தைத் துடிப்பாக இழுக்காமல் சீராக இழுக்கும் சுற்று) உள்ள பெரிய சார்ஜர்கள் இன்னும் கறார். சில டிக் டிக்கென்று விட்டுவிட்டுத் தொடங்கும், சில தொடங்கவே தொடங்காது. ஒரு நாள் சார்ஜ் ஏறிவிட்டது என்பதை வைத்து இந்தச் சேர்க்கை பாதுகாப்பானது என்று முடிவுகட்ட முடியாது. வீட்டு மின்சாரம்போல் வளைவாக ஏறி இறங்கும் பியூர் சைன் வேவ் என்று தெளிவாகக் குறித்ததையே வாங்கச் சொல்வேன். விலை கூடினாலும், சார்ஜர் போய்விட்டால் பயணத்தின் நடுவில் மாற்று கிடைப்பது எளிதல்ல.

300 முதல் 600 வாட் பியூர் சைன் வேவ்

பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான், ஒரு நிபந்தனையோடு: லைட்டர் சாக்கெட்டை விட்டுவிட்டு, கார் பேட்டரியிலிருந்து தனிக் கேபிள் இழுக்க வேண்டும். 2 ஆம்பியர் சார்ஜருக்கு 300 வாட் ஏன் என்று கேட்கலாம். சார்ஜரை இணைத்த கணத்தில் உள்ளிருக்கும் காலிக் கெப்பாசிட்டர் நிறைய மின்சாரத்தை ஒரே மூச்சில் இழுக்கும். இன்வெர்ட்டரில் தாராளம் இல்லையென்றால் ஓவர்லோடு என்று அந்தக் கணத்திலேயே அணைந்துவிடும். சார்ஜர் கேட்பதைப் போல் இரண்டு மடங்கு தொடர் திறன் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. மின்விசிறியும் ஓயாமல் கத்தாது. இரண்டு சைக்கிள், இரண்டு சார்ஜர் என்றால் 600 வாட். அதற்கு மேல் வாங்குவது வீண், சுமை இல்லாதபோதும் பெரிய இன்வெர்ட்டர் தனக்கென்று கூடுதலாகத் தின்னும்.

கேபிள் விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 3 மீட்டர் என்று வைத்தால், போக வர 6 மீட்டர் செம்பு. 25 ஆம்பியர் ஓடும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 1.1 வோல்ட் வழியிலேயே தொலையும். 6 சதுர மில்லிமீட்டரில் 0.46 வோல்ட். 10 சதுர மில்லிமீட்டரில் 0.27 வோல்ட். கடைசியில் சொன்னதையே போடுங்கள். தூய செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான வயர், அதே தடிமனில் கூடுதல் வோல்டேஜைத் தின்றுவிடும்.

பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். இன்வெர்ட்டர் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. நடுவழியில் உலோகத் தகட்டில் உரசி வயரின் தோல் கிழிந்தால், பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் மட்டும்தான் தீயைத் தடுக்கும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டைக் கேபிள் கடக்கும் துளையில் குரோமெட் எனும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். நெகட்டிவ் வயரை பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பில் நேரடியாக மாட்டாமல், சேஸிஸில், அதாவது வண்டியின் உலோகச் சட்டத்தில், உள்ள எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். புதிய வண்டிகளில் அந்தக் கிளாம்பில்தான் பேட்டரி சென்சார் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டி இணைத்தால் எவ்வளவு மின்சாரம் வெளியேறுகிறது என்பது வண்டிக்குத் தெரியாமல் போகும், இன்ஜின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் கட்டுப்பாடு தப்பும். இந்த வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவது நல்லது.

பயன்படுத்தும் வரிசையும் முக்கியம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு இன்வெர்ட்டரை வெறுமனே ஆன் செய்யுங்கள், பச்சை விளக்கு நிலைத்ததும் சார்ஜரைச் செருகுங்கள். அணைக்கும்போது தலைகீழ் வரிசை. சிக்னலில் தானாக இன்ஜினை அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி இருந்தால் அதை நிறுத்திவையுங்கள். ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் வோல்டேஜ் பத்துக்கும் கீழே இறங்கக்கூடும். இன்வெர்ட்டர் அணைந்து, சில மாடல்களில் கையால் திரும்ப ஆன் செய்யும்வரை அப்படியே கிடக்கும். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகுதான் சார்ஜே ஏறவில்லை என்பது தெரியவரும்.

இன்ஜினை அணைத்துவிட்டு சார்ஜ் போடலாமா? கூடாது. 500 வாட் அவர் பேட்டரியை நிரப்ப, இழப்புகளைச் சேர்த்து, கார் பேட்டரியிலிருந்து சுமார் 50 ஆம்பியர் அவர் வேண்டும். சாதாரண காரின் மொத்தக் கொள்ளளவே 45 முதல் 60 வரைதான். அதுவும் ஸ்டார்ட் செய்வதற்கான பேட்டரி. ஆழமாக வடிந்தால் சீக்கிரம் செத்துப்போகும். இன்வெர்ட்டரில் குறைந்த வோல்டேஜ் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். அது அணைவது 10.5 வோல்ட் அருகில். அதற்கு வெகு முன்பே வண்டி ஸ்டார்ட் ஆகும் தெம்பை இழந்திருக்கும். நிறுத்திய இடத்தில் இன்ஜினை மட்டும் ஓடவிட்டு சார்ஜ் போடுவதும் வேண்டாம். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனில் ஒரு பகுதியைத்தான் தரும், எரிபொருள் வீண், மூடிய ஷெட்டில் என்றால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும்.

நேரடி டி.சி. சார்ஜர்

12 வோல்ட்டை 230 ஆக்கி மறுபடி 42 ஆக இறக்குவது சுற்றுவழி என்பது உண்மைதான். நேரடியாக உயர்த்தும் டி.சி. சார்ஜரில் இழப்பு 8 சதவீதம் அளவுக்குக் குறையும். 48 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜ் 10.8 ஆம்பியருக்குப் பதில் 9.1 ஆம்பியரில் முடியும். உங்கள் பேட்டரிக்கென்றே, சரியான முழு வோல்டேஜோடு, சார்ஜ் முடிந்ததும் தானே வெட்டிக்கொள்ளும் வசதியோடு தயாரித்த சார்ஜர் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

பச்சை சர்க்யூட் போர்டாக, இரண்டு திருகுகளோடு வரும் மலிவான பூஸ்ட் மாட்யூல் (வோல்டேஜை உயர்த்தும் சுற்று மட்டும்) வேறு கதை. எலக்ட்ரானிக்ஸ் கைவந்தவர்கள் இதை வைத்து நல்ல சார்ஜர் செய்ய முடியும். மற்றவர்கள் தொடாமலிருப்பதே நல்லது. இதில் பிரச்சினை நான்கு இடங்களில் வரும். வோல்டேஜைத் தீர்மானிக்கும் சின்னத் திருகு வண்டியின் அதிர்வில் நகரலாம், தொடர்பு விட்டாலோ வெளிவோல்டேஜ் உச்சத்துக்குப் போகலாம். அப்போது பேட்டரியைக் காப்பது உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். எனும் பாதுகாப்புச் சுற்று ஒன்றுதான். அடுத்து, இதற்கு சார்ஜ் முடிந்தது என்று தெரியாது. 42 வோல்ட்டை அப்படியே பிடித்துக்கொண்டே இருக்கும், லித்தியம் செல்லை நாள்கணக்கில் முழு வோல்டேஜில் நிறுத்துவது அதன் ஆயுளுக்குக் கேடு. காரை அணைத்த பிறகு சைக்கிள் பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பி மாட்யூலுக்குள் வடியாமல் இருக்க வெளிப்பக்கத்தில் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு வேண்டும். கடைசியாக, பூஸ்ட் அமைப்பின் வெளிப்பக்கம் ஷார்ட் ஆனால் அதன் மின்னோட்டக் கட்டுப்பாடு உதவாது, உள்ளே வரும் 12 வோல்ட் சுருள் வழியாக நேராகப் பாயும். ஆகவே இரண்டு பக்கமும் ஃபியூஸ் வேண்டும். செய்தே தீருவது என்றால், பேட்டரியை இணைக்காமல் மல்டிமீட்டர் வைத்து, 36 வோல்ட் பேட்டரி என்றால் 42.0 என்று நிறுத்தி, திருகின் மேல் ஒரு சொட்டு சிலிக்கோன் பசை வைத்து இறுக்கிவிட்டு, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் மறுபடி அளந்து பாருங்கள்.

பாஷ் போன்ற நிறுவனங்களின் அமைப்புகளில் இந்த வழியே வேண்டாம். அங்கே பேட்டரியும் சார்ஜரும் தனிப்பட்ட பிளக்கில் இணைகின்றன, பேட்டரியின் மின்னணுப் பகுதிக்கும் இதில் பங்கு உண்டு, அசல் சார்ஜரையே பயன்படுத்தச் சொல்கிறார்கள். பாஷில் 4 ஆம்பியர் சார்ஜரோடு 2 ஆம்பியர் காம்பாக்ட் சார்ஜரும் உண்டு. கார் பயணத்துக்கு அந்தச் சின்னதுதான் சரி. அவர்களின் 500 வாட் அவர் பேட்டரியான பவர்பேக் 500 காலியிலிருந்து நிறைய அதற்கு ஏழரை மணி நேரம்வரை ஆகும் என்றாலும், 10 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள சாக்கெட்டிலும் அடங்கும். பொதுவான பிளக் உள்ள பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு கிரின் டெக்னாலஜீஸின் சாட்டியேட்டர் போன்ற, ஆம்பியரையும் முழு வோல்டேஜையும் நாமே குறைத்துவைக்கக்கூடிய சார்ஜர் மிகவும் பொருந்தும். காரில் 2 ஆம்பியர், தங்குமிடத்தில் முழு வேகம்; ஒரே பெட்டி போதும்.

பவர் ஸ்டேஷன்

பெரிய பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் வருவதுதான் பவர் ஸ்டேஷன். பகலில் ஓட்டம், இரவில் கூடாரம் என்று போகிறவர்களுக்கு இதைவிட வசதியானது இல்லை. ஓடும்போது பவர் ஸ்டேஷனை நிரப்பி, வண்டியை நிறுத்திய பிறகு வெளியே எடுத்துவைத்து சைக்கிளுக்கு சார்ஜ் போடலாம். கார் பேட்டரிக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் விளம்பரங்கள் அடக்கி வாசிக்கும் விஷயம் ஒன்று உண்டு: லைட்டர் சாக்கெட் வழியே இவை எடுத்துக்கொள்வது சுமார் 100 வாட்தான். ஐந்து மணி நேரம் ஓட்டினால் 500 வாட் அவர். அதை 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம் ஆக்கி, சார்ஜரைத் தாண்டி, சைக்கிள் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 370, 380 அளவில். ஒரு சைக்கிளுக்குச் சரி. இரண்டுக்குப் போதாது. ஈக்கோஃப்ளோவின் 800 வாட், புளூயட்டியின் 560 வாட் ஆல்டர்னேட்டர் சார்ஜர்கள் இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் அவற்றுக்கும் மேலே சொன்ன அதே தடித்த கேபிளும் பேட்டரிப் பக்கத்து ஃபியூஸும் வேண்டும், ஆல்டர்னேட்டரிலும் அந்த அளவு மிச்சத் திறன் இருக்க வேண்டும்.

வாங்கியதும் அமைப்புக்குள் போய் ஈகோ மோடை அணைத்துவிடுங்கள். சுமை குறைந்தால் ஏ.சி. வெளியீட்டைத் தானே நிறுத்தும் வசதி அது. பேட்டரி நிறையும் கடைசிக் கட்டத்தில் சார்ஜர் இழுப்பது மெல்ல மெல்லக் குறையும், பவர் ஸ்டேஷன் அதைச் சுமையே இல்லை என்று எடுத்துக்கொண்டு பாதியில் அணைத்துவிடும். அதேபோல சார்ஜ் முடிந்ததும் பவர் ஸ்டேஷனின் ஏ.சி. வெளியீட்டு பட்டனை மறக்காமல் அணைக்க வேண்டும், இல்லையென்றால் இரவு முழுவதும் வெறுமனே வடிந்துகொண்டிருக்கும்.

காரிலேயே இருக்கும் பிளக்

சில கார்களில் பின்சீட் அருகே வீட்டுப் பிளக்போல ஒன்று வரும். 150 வாட் என்று குறித்திருந்தால் 2 ஆம்பியர் சார்ஜரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது தரும் வோல்டேஜும் உங்கள் சார்ஜர் ஏற்கும் வோல்டேஜும் பொருந்துகிறதா என்று லேபிளில் பாருங்கள். 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் கவலையில்லை. மின்கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையே இல்லை. ஹூண்டாய் அயோனிக் 5, கியா இ.வி.6 போன்றவற்றில் காரின் பெரிய பேட்டரியிலிருந்தே வெளிக்கருவிகளுக்கு மின்சாரம் தரும் வி.டு.எல். வசதி 3.6 கிலோவாட் வரை தரும், நான்கு சைக்கிள்களுக்கு ஒரே நேரத்தில் 2 ஆம்பியர் சார்ஜர்களால் சார்ஜ் போட்டாலும் கால் பங்குகூட வராது. ஆனால் அதே மின்காரின் 12 வோல்ட் லைட்டர் சாக்கெட்டுக்கு மற்ற கார்களில் உள்ள அதே ஃபியூஸ் கட்டுப்பாடுதான்.

எங்கே வைப்பது

சைக்கிளைப் பின்னால் கேரியரில் மாட்டியிருந்தால் பேட்டரியை அதிலேயே விட்டு சார்ஜ் போடாதீர்கள். மூடி திறந்த சார்ஜ் துளைக்குள் மழைத் தண்ணீரும் தூசியும் ஏறும், ஓட்டத்தின் அதிர்வில் பிளக் தளரும். கழற்றி உள்ளே எடுத்துவையுங்கள். அது மூன்று நான்கு கிலோ எடை, பிரேக் அடித்தால் முன்னால் பறந்து வரும். டிக்கித் தரையில் பட்டையால் கட்ட வேண்டும். சார்ஜரும் இன்வெர்ட்டரும் ஒன்றையொன்று சூடாக்காமல் தள்ளித் தள்ளி, துணிமணிக்கு அடியில் போகாமல், காற்றோட்டமாக இருக்கட்டும்.

லித்தியம் பேட்டரியை 0 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள்தான் சார்ஜ் செய்ய வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுக்கும், அது திரும்பச் சரியாகாது. வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியை எட்டும். அப்படி நின்ற வண்டியில் ஏறியதும் சார்ஜைத் தொடங்காமல், காரின் ஏ.சி.யைப் போட்டு அரைமணி ஓட்டிய பிறகு இணையுங்கள். ஆள் இல்லாத வண்டியிலும், உள்ளே தூங்கும்போதும் சார்ஜ் வேண்டாம். கீழே விழுந்த, வீங்கிய, தண்ணீர் புகுந்த பேட்டரியை காருக்குள் சார்ஜ் செய்யவே கூடாது. புதிதாக வாங்குபவர்கள் பேட்டரியில் யு.எல். 2271 அல்லது ஈ.என். 50604-1 தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

பயணத்தில் 80 சதவீதத்தோடு கழற்றிவிடலாம். கடைசி 20 சதவீதத்தில் மின்னோட்டம் சரிந்துகொண்டே போகும், இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு மட்டும் குறையாது. செல்களுக்கும் 80 சதவீதம் இதமான நிலைதான். பல பேட்டரிகளில் செல்களைச் சமன்படுத்தும் வேலை முழு வோல்டேஜுக்கு அருகில் மட்டுமே நடக்கும் என்பதால், ஊர் திரும்பியதும் ஒரு முறை 100 வரை ஏற்றி, சார்ஜரில் பச்சை விளக்கு வந்த பிறகும் ஓரிரு மணி நேரம் பார்வையில் வைத்துவிட்டுக் கழற்றுங்கள்.